இரு சில்லு உழவு யந்திரம்: செலுத்துகைப் பாகங்களைத் தேயாமற் காக்கும் முறை

பெரும்போகத்து முதல் மழை விழுந்து வயல் நனைந்ததும் கமக்காரர் ஒவ்வொருவரும் தமது உழவு யந்திரத்தையே நம்பி நிற்பர். அந்நாட்களில் யந்திரம் ஓடினால் விதைப்பு உரிய காலத்தில் முடியும். ஓடாது நின்றுவிட்டால் மழையும் நீர்ப்பாய்ச்சல் முறையும் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆகவே யந்திரம் பழுதடைவதால் ஏற்படும் நட்டத்தைப் புதுப் பாகத்தின் விலையைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. இழந்த நாட்களின் விலையையும் அதனோடு கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் நான்கு ஏக்கர் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். சேற்றுழவு தொடங்கிய முதல் நாளிலேயே அவரது யந்திரத்தின் சில்லுப் பக்கத்தில் மெல்லிய உறுமல் ஒன்று கேட்கிறது. "உழவு முடியட்டும், பின்னர் பார்க்கலாம்" என்று அவர் எண்ணுகிறார். மூன்றாம் நாள் நடு வயலில் அச்சின் குண்டுப் போதிகை நொறுங்கிப் பற்சில்லுகளுக்கிடையே அகப்படுகிறது. பெட்டியைத் திறந்தபொழுது உள்ளே எண்ணெய் இல்லை. பாலைப்போல் வெளிறிய சேற்றுநீரே இருக்கிறது. பாகம் வந்து யந்திரம் மீண்டும் ஓடுவதற்குள் அயல் வயல்களில் நாற்று முளைத்துவிடுகிறது. அவரது வயல் மட்டும் பின்தங்கி, கடைசி நீரும் கிடையாமல், அறுவடைக்கும் தனித்து நிற்கிறது. இத்தனைக்கும் காரணம் அச்சிற் சுற்றிக்கொண்ட ஒரு முழ நைலோன் நூலாகும். அது 'ஓயில் சீல்' எனப்படும் இறப்பர் வளையத்தை அறுத்துவிட்டது.

இத்தகைய நட்டம் நேராதவாறு யந்திரத்தைக் காப்பதற்குப் பெரிய தொழினுட்ப அறிவு வேண்டியதில்லை. யந்திரத்தின் உள்ளே நிகழ்வதை விளங்கிக்கொண்டு, சில சிறு வேலைகளைத் தவறாது செய்துவந்தாற் போதுமானது.

வலு செல்லும் வழி

நம் நாட்டில் இரு சில்லு உழவு யந்திரத்தை எந்த நாட்டில் செய்யப்பட்டதாயினும் 'லாண்ட்மாஸ்டர்' என்றே பலரும் அழைப்பர். இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன 1950 களில் வடிவமைத்து, இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்ட யந்திரத்தின் பெயர் அது. பின்னர் ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வேறு யந்திரங்கள் வந்தபோதும் பெயர் மட்டும் மாறாது நிலைத்துவிட்டது.

இன்று பாவனையிலுள்ள யந்திரங்களிற் பெரும்பாலானவற்றில் டீசல் எஞ்சினின் வலு முதலிற் கப்பியிலிருந்து ஆப்பு வடிவான வார்களின் வழியாகக் கிளச்சுக்குச் செல்கிறது. இவ்வார்களையே 'பெல்ற்' என்பர். கிளச்சிலிருந்து பற்சில்லுப் பெட்டிக்கும், அங்கிருந்து ஒரு பங்கு சில்லுகளின் அச்சுக்கும், மறு பங்கு சுழற்கலப்பைக்கும் போகிறது. சுழற்கலப்பையை ஓட்டுவது சில யந்திரங்களிற் சங்கிலி. வேறு சிலவற்றிற் பற்சில்லு. எஞ்சினிலிருந்து மண் வரையுள்ள இப்பாகங்களைச் செலுத்துகைப் பாகங்கள் என்பர். எஞ்சின் எவ்வளவு நன்றாயிருப்பினும் இவ்வழியில் ஓரிடம் தேய்ந்துவிட்டால் வலு மண்ணைச் சென்றடையாது.

எண்ணெயின் தொழில்

இரும்பின் மேற்பரப்பு கண்ணுக்கு மழமழப்பாகத் தோன்றினும் உண்மையில் மேடும் பள்ளமும் உடையது. இரு பரப்புகள் பாரத்துடன் உராயும்போது மேடுகள் ஒன்றோடொன்று முட்டி உடைந்து துகளாகின்றன. அத்துகள்கள் அரத்தூள் போன்று மேலும் தேய்வை உண்டாக்குகின்றன. எண்ணெய் இரு பரப்புகளுக்குமிடையே மெல்லிய படலமாக நின்று அவற்றைப் பிரிக்கிறது. உராய்வினால் எழும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. துகள்களைப் பெட்டியின் அடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. துருப் பிடியாது காக்கிறது.

நீர் கலந்தால் இந்நான்கும் கெடும். நீர் பாரத்தைத் தாங்கி நிற்கும் படலத்தை அமைக்க மாட்டாது. போதிகையின் உருக்குக் குண்டுகளில் நுண்ணிய துருப்புள்ளிகள் தோன்றும். அப்புள்ளிகளிலிருந்தே உடைவு தொடங்கும். எண்ணெய் குறைந்த யந்திரத்தைவிட, அளவுகோலில் நிறைவாகக் காட்டியும் நீர் கலந்திருக்கும் யந்திரம் ஆபத்தானது. ஏனெனில் பார்ப்பவர் குறை எதுவும் இல்லையென்று எண்ணி ஏமாந்துவிடுவார்.

சேற்றுநீர் உட்புகும் விதம்

நீர் உட்புகும் வழிகளில் முதன்மையானது அச்சின் இரு முனைகளிலுமுள்ள ஓயில் சீலாகும். வைக்கோல், புல், நைலோன் நூல், உரப்பையின் இழை என்பன அச்சிற் சுற்றிக்கொண்டு சீலின் மெல்லிய விளிம்பை அறுக்கின்றன. ஆதலால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சில்லுக்கும் பெட்டிக்கும் இடையே கையை விட்டுச் சுற்றியிருப்பவற்றை அகற்றுதல் வேண்டும். கத்தியால் அறுப்பின் சீலிற் படாதவாறு அறுத்தல் வேண்டும்.

இரண்டாவது வழி பலரும் அறியாதது. வீதியில் இழுவைப்பெட்டியோடு ஓடிய யந்திரத்தின் பற்சில்லுப் பெட்டி நன்கு சூடாயிருக்கும். அதனை உடனே குளிர்ந்த வயல்நீரில் இறக்கினால் பெட்டிக்குள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி வெளியிலிருந்து நீரை உறிஞ்சும். இதனைத் தடுப்பதற்காகவே பெட்டியின் மேற்புறத்திற் சிறிய காற்றுத் துவாரம் வைக்கப்பட்டுள்ளது. அத்துவாரம் சேற்றினால் அடைபட்டிருந்தால் காற்று அவ்வழியே புக முடியாது. நீர் சீலின் வழியே புகுந்துவிடும். எனவே துவாரத்தைக் கிழமைக்கு ஒருமுறை துப்புரவு செய்வதும், சூடான யந்திரத்தைச் சிறிது நேரம் ஆறவிட்டபின் வயலில் இறக்குவதும் நன்று. யந்திரத்தைக் கழுவும்போதும் சீல்களையும் காற்றுத் துவாரத்தையும் நோக்கி நீரை வேகமாகப் பீச்சுதல் ஆகாது.

நீர் புகுந்துள்ளதா என அறிய எளிய வழியொன்றுண்டு. எண்ணெயிலும் நீர் பாரமானது. இரவு முழுவதும் யந்திரம் நின்றால் நீர் அடியிற் படியும். காலையில் எஞ்சினை இயக்குவதற்கு முன்னர், எண்ணெய் வடிக்கும் ஆணியைச் சற்றே தளர்த்தி முதலில் வரும் துளிகளை ஒரு வெள்ளைக் கோப்பையிற் பிடித்துப் பார்க்கலாம். முதலில் நீர் வந்தாலும், எண்ணெய் பால்நிறமாயிருந்தாலும் அதனை முழுவதும் மாற்றிச் சீலையும் சோதித்தல் வேண்டும். சீலை மாற்றாது எண்ணெயை மட்டும் மாற்றுதல் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

பற்சில்லுப் பெட்டியின் எண்ணெய்

எந்த எண்ணெயை எவ்வளவு ஊற்றுவது என்பதை யந்திரத்தோடு வந்த கைநூலைப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும். பல யந்திரங்களுக்கு எஸ்.ஏ.இ. 90 எனும் தரத்துப் பற்சில்லு எண்ணெய் விதிக்கப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு எஞ்சின் எண்ணெயே விதிக்கப்பட்டிருக்கும். இலக்கம் பெரிதாயிருந்தால் எண்ணெயும் இரு மடங்கு தடிப்பு எனப் பலர் கருதுவர். அது தவறு. பற்சில்லு எண்ணெய்க்கும் எஞ்சின் எண்ணெய்க்கும் அளவை முறைகள் வெவ்வேறானவை. எஸ்.ஏ.இ. 90 பற்சில்லு எண்ணெய் தடிப்பில் எஸ்.ஏ.இ. 40 அல்லது 50 எஞ்சின் எண்ணெய்க்கு ஏறக்குறைய ஒப்பானது. இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு அவற்றிற் சேர்க்கப்படும் மருந்துப்பொருள்களிலாகும். அதிக அழுத்தத்தைத் தாங்கும் சில பற்சில்லு எண்ணெய்களிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும். எனவே விலை கூடியது எதுவோ அதுவே நல்லது என்று எண்ணி மாற்றி ஊற்றுதல் கூடாது.

எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைப் பற்சில்லுப் பெட்டிக்கு ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்வெண்ணெயிற் கரியும் அமிலமும் இரும்புத் துகளும் கலந்துள்ளன. ஒரு போத்தல் எண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காகப் பெட்டி முழுவதையும் தேயவிடுவது சிக்கனமாகாது.

எண்ணெய் மாற்றும்போது பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளல் நன்று:

1. யந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கிய பின்னர் எஞ்சினை நிறுத்தவும். சூடான எண்ணெய் துகள்களோடு எளிதில் வடியும்.

2. யந்திரத்தைச் சமநிலத்தில் நிறுத்தி, வடிக்கும் ஆணியைச் சுற்றியுள்ள சேற்றைத் துடைத்தபின் ஆணியைக் கழற்றவும்.

3. வடிந்த எண்ணெயை விரலிடையே தேய்த்தும் வெயிலிற் பிடித்தும் பார்க்கவும். மினுங்கும் நுண்தூள் சிறிதளவு இருப்பது இயல்பு. சிம்புகளோ பற்களின் துண்டுகளோ இருப்பின் பெட்டியைத் திறந்து பார்த்தல் அவசியம்.

4. ஆணியின் வளையம் நசிந்திருப்பின் புதியது இட்டு இறுக்கவும்.

5. குறித்த அளவு வரையுமே புது எண்ணெயை ஊற்றவும். அளவுக்கு மிஞ்சிய எண்ணெய் கடையப்பட்டு நுரைத்துச் சூடேறிச் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

புதிய யந்திரத்தின் பற்சில்லுகள் ஒன்றோடொன்று படிந்து பழகும் காலத்தில் அதிக இரும்புத்தூள் உதிரும். ஆதலால் முதல் எண்ணெயைக் கைநூல் குறிக்கும் மணித்தியாலங்கள் கடந்ததும் தாமதமின்றி மாற்றுதல் வேண்டும். அதன்பின் கைநூல் கூறும் காலத்தைக் கடைப்பிடிப்பதோடு, சேற்றுழவு முடிந்த ஒவ்வொரு போகத்தின் இறுதியிலும் எண்ணெயைச் சோதித்தல் சிறந்தது.

வார்கள்

செலுத்துகைப் பாகங்களுள் எண்ணெய் படவே கூடாதது வார். வாரின் அடிப்பகுதி அன்று, அதன் இரு பக்கங்களுமே கப்பியின் தவாளிப்பைப் பற்றி இழுக்கின்றன. எண்ணெயோ கிறீசோ பட்டால் பிடி நழுவும்; இறப்பரும் ஊதிக் கெடும். தவாளிப்பின் அடி பளபளப்பாயிருந்தால் வார் தேய்ந்து அடியைத் தொடுகிறது என்பது பொருள். அத்தகைய வாரை எவ்வளவு இறுக்கினும் பயனில்லை.

எஞ்சினை நிறுத்தியபின் இரு கப்பிகளுக்கும் நடுவே வாரைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். கைநூல் வேறு அளவு கூறாவிடின் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அமிழ்வது பொருத்தமாகும். தளர்ந்த வார் நழுவிச் சூடாகிக் கருகும். மிகையாக இறுகிய வார் கிளச்சின் போதிகையையும் எஞ்சினின் போதிகையையும் இழுத்துத் தேய்க்கும். பல யந்திரங்களில் எஞ்சினைத் தாங்கும் ஆணிகளைத் தளர்த்தி, எஞ்சினை முன்னோ பின்னோ நகர்த்தி இறுக்கத்தைச் சரிசெய்யலாம். அப்போது எஞ்சின் கோணலாகாதவாறு நேரான சட்டமொன்றை இரு கப்பிகளின் முகத்திலும் வைத்துப் பார்த்தல் வேண்டும். வார்களில் ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதல் முறை. பழையது நீண்டிருக்கும், புதியதே பாரம் முழுவதையும் தனித்துச் சுமந்து விரைவில் அறும். புது வார் முதற் சில மணித்தியாலங்களில் இளகும். ஆகவே மறுநாள் மீண்டும் இறுக்கிப் பார்க்கவும்.

வாரின் மறைப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்தல் ஒருபோதும் ஆகாது. சாரத்தின் நுனி வாரில் அகப்பட்டால் கையையோ காலையோ இழுத்துவிடும்.

கிளச்சும் திருப்புப் பிடிகளும்

பிரதான கிளச்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு யந்திரத்தை ஊரவிடுதல் அதன் தட்டுகளைச் சுட்டுத் தேய்க்கும். பிடியை முற்றாக விடுவித்தல், முற்றாக இணைத்தல் என்னும் இரண்டு நிலைகளே உகந்தவை. பிடியை இணைக்கும்போது திடீரெனத் தள்ளாது மெதுவாக இணைத்தால் பற்சில்லுகளுக்கு அடி விழாது. கியர் மாற்றும்போது 'கறகற' எனும் ஓசை எழுந்தால் கிளச் முழுவதும் விடுபடவில்லை என அறிந்து அதன் கம்பியைச் சரிசெய்தல் வேண்டும்.

கைப்பிடிகளின் கீழுள்ள இரு திருப்புப் பிடிகளும் இடது வலது சில்லுகளைத் தனித்தனியே வலுவிலிருந்து விடுவிப்பவை. அவற்றின் கம்பிகளுக்குள் சேறு புகுந்து துருப் பிடித்தால் பிடியை விட்டபின்னும் பற்கள் முற்றாகப் பொருந்தாது நுனியில் மட்டும் பிடித்து ஓடும்; அப்பற்கள் விரைவில் மழுங்கும். கிழமைதோறும் கம்பியின் மேல்முனையிற் சில துளி எண்ணெய் விட்டு, பிடி தானே துள்ளி மீள்கிறதா எனப் பார்க்கவேண்டும்.

இது தேய்வை மட்டுமன்றி உயிரையும் பொறுத்த விடயமாகும். குளக்கட்டிலோ பாலத்திலோ பாரம் ஏற்றிய இழுவைப்பெட்டியோடு இறக்கத்தில் இறங்கும்போது, திருப்புப் பிடியை இழுத்த பக்கத்துச் சில்லு தடையின்றி வேகமாக உருளும். யந்திரம் நினைத்த பக்கத்துக்கு எதிராகத் திரும்பும். ஆகவே இறக்கங்களில் திருப்புப் பிடியைத் தொடாது, குறைந்த கியரிற் கைப்பிடியாலேயே யந்திரத்தைத் திருப்புதல் வேண்டும். கிளச்சை விடுவித்து உருளவிடுதலும் தவிர்க்கப்பட வேண்டியது.

சங்கிலி

சங்கிலியாற் சுழலும் கலப்பைகளிற் சங்கிலிக்கெனத் தனிப் பெட்டியும் தனி எண்ணெயும் உண்டு. பற்சில்லுப் பெட்டியின் எண்ணெயைப் பார்த்துவிட்டு இதனை மறந்துவிடுபவர் பலர். சேற்றுக்கு மிக அண்மையில் இருப்பதும் இப்பெட்டியே.

சங்கிலி 'இழுபட்டு நீண்டது' என்பர். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலுமுள்ள ஊசியும் அதனைச் சூழ்ந்த குழாயும் தேய்வதால் ஏற்படும் சிறு இடைவெளிகள் ஒன்றுகூடிச் சங்கிலியை நீளமாக்குகின்றன. எனவே எண்ணெய் சங்கிலியின் மேற்பரப்பிற் பூசப்பட்டாற் போதாது. ஊசி வரை ஊறிச் செல்லவேண்டும். உதாரணமாக, ஒரு கண்ணி 19.05 மில்லிமீற்றராகிய முக்கால் அங்குலச் சங்கிலியில் 20 கண்ணிகள் புதிதாயிருக்கும்போது 381 மில்லிமீற்றர் நீளும். அது 389 மில்லிமீற்றரை எட்டினால் நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டுவிட்டது. மாற்றும் காலம் வந்துவிட்டதெனக் கொள்ளலாம். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் பற்சில்லையும் சேர்த்தே மாற்றவேண்டும். தேய்ந்த பல்லிற் புதுச் சங்கிலியைப் பூட்டினால் அது சில நாட்களிலேயே கெடும்.

மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் மோட்டார்ச் சயிக்கிளின் சங்கிலிக்கும் இந்நியதி பொருந்தும். ஆனால் பெரும்பாலும் அதன் சங்கிலி திறந்த வெளியில் ஓடுவதால் தடித்த கிறீசைப் பூசினால் மணல் ஒட்டி அரத்தைப்போல் அராவும். துடைத்துச் சுத்தஞ்செய்து, உட்புறமாக எண்ணெய் விட்டு, மேலே மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுதல் வேண்டும்.

கிறீஸ் இடுதல்

கிறீஸ் இடும் நிப்பிளை முதலிற் துடைக்காமற் கிறீஸ் பம்பியைப் பொருத்தினால் அதிலுள்ள சேறே போதிகைக்குள் தள்ளப்படும். இருபக்கமும் சீல் இல்லாத திறந்த இணைப்புகளிற் பழைய கிறீஸ் வெளியே வந்து புதியது தோன்றும்வரை இடலாம். சீல் உள்ள இடங்களில் ஓரிரு முறை அழுத்தினாற் போதும். வெவ்வேறு வகைக் கிறீசுகளைக் கலந்தால் அவை இளகி வடியக்கூடும். ஆதலால் ஒரே வகையைத் தொடர்ந்து பாவித்தல் நன்று.

கழிவெண்ணெய்

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ வரப்பிலோ கிணற்றருகிலோ ஊற்றுதல் பெருந்தீங்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்புகள் வழியாக மேலே ஊற்றியது நிலத்தடி நீரை எளிதிற் சென்றடையும். அந்நீரே குடிநீரும் தோட்டத்துக்கு இறைக்கும் நீருமாகும். கழிவெண்ணெயை மூடியுள்ள கொள்கலத்திற் சேர்த்து, அதனைச் சேகரிக்கும் இடங்களில் ஒப்படைத்தல் வேண்டும்.

போகத்துக்குப் பின்

உழவு முடிந்த யந்திரத்தைச் சேற்றோடு மாமரத்தடியில் விட்டுவிடுவதாலும் தேய்வு உண்டாகிறது. அடுத்த போகம் வரை நிறுத்தும்போது யந்திரத்தைக் கழுவி உலர்த்தவும், நீர் கலந்த எண்ணெயை மாற்றவும், வார்களைத் தளர்த்தவும், கிளச்சின் தட்டுகள் ஒட்டிக்கொள்ளாதிருக்க அதன் பிடியை விடுவித்த நிலையில் வைக்கவும், கூரையின் கீழ் மரக்கட்டைகளின் மேல் நிறுத்தவும். மாதம் ஒருமுறை கியரை இணைக்காது எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டுவதாயின், வார்களை அப்போது இறுக்கிப் பின்னர் தளர்த்துதல் வேண்டும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

நாள்தோறும்: அச்சிற் சுற்றியவற்றை அகற்றல், எண்ணெய்க் கசிவு பார்த்தல், தளர்ந்த சுரைகளை இறுக்கல்.

கிழமைதோறும்: பற்சில்லுப் பெட்டி, சங்கிலிப் பெட்டி ஆகிய இரண்டின் எண்ணெய் அளவையும் பார்த்தல், காற்றுத் துவாரம் துப்புரவாக்கல், வாரின் இறுக்கம் பார்த்தல், கம்பிகளுக்கு எண்ணெயும் இணைப்புகளுக்குக் கிறீசும் இடல்.

போகந்தோறும்: எண்ணெயை வடித்துச் சோதித்தல், சீல், சங்கிலி, வார் ஆகியவற்றைப் பரிசோதித்தல்.

இவற்றை ஒரு சிறு கொப்பியில் திகதியோடும் ஓடிய மணித்தியாலங்களோடும் குறித்துவைத்தல் நன்று. யந்திரத்தைக் கூலிக்கு ஓட்டுபவர் வேறொருவராயின் இக்குறிப்பு இன்னும் அவசியம். ஐயம் எழுமிடத்துப் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ நாடலாம்.

மேலே கூறப்பட்ட கமக்காரர் அன்று உறுமலைக் கேட்டவுடன் யந்திரத்தை நிறுத்தியிருந்தால், சீலொன்றும் சில போத்தல் எண்ணெயும் அரை நாள் வேலையுமே செலவாகியிருக்கும். யந்திரம் உடைவதற்கு முன்னர் ஓசையாலும், சூட்டாலும், கசிவாலும் தன் குறையைக் கூறியே நிற்கும். அதற்குச் செவிகொடுக்கும் கமக்காரரின் வயல் காலத்தே உழப்பட்டுக் காலத்தே விதைக்கப்படும்.